அம்மா பாதியில் நிறுத்தும் வரி: மீதி தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 83 வயது, ஞாபகம் மெல்ல நழுவுகிறது, அதனால் அவர் சொல்லும் கைவைத்தியத்தையும் பழமொழிகளையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். “சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு” என்பார், அதாவது சுக்கின் தோலைச் சீவிவிட வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்கிவிட வேண்டும், நாலே வார்த்தையில் முழு பக்குவமும் இருக்கிறது! ஆனால் “காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய், மண்டலம் உண்டால்” என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார். மண்டலம் 48 நாள், சரி, அப்புறம் என்ன? வசம்பை ‘பேர் சொல்லாதது’ என்று மட்டும்தான் சொல்வார், ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். யாருக்கும் மருந்து கொடுப்பதற்காகக் கேட்கவில்லை, அம்மாவின் பேச்சு தொலையக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை, சொன்னபடியே எழுதுங்கள், அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.