மிட்டெர்ம் தேர்தலுக்கு முன் மிச்சிகனில் கருத்துக்கணிப்பு: 800 பேர் போதுமா, யாரைக் கேட்பது?

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம். மிச்சிகனில் ஒரு தன்னார்வ அமைப்புக்காக செப்டம்பர் கடைசி வாரத்தில் வாக்காளர் கருத்துக்கணிப்பு நடத்துகிறோம். ஆளுநர், செனட் போட்டி பற்றி ஓரிரு கேள்விதான். மற்றதெல்லாம் மாநில விஷயம்: சாலைகள், மின்கட்டணமும் டேட்டா சென்டர்களும், பள்ளி நிதி. அதோடு இந்த நவம்பர் 3 அன்று வாக்குச்சீட்டில் வரும் அரசியலமைப்பு மாநாட்டுக் கேள்வியும் (மாநில அரசியலமைப்பைத் திருத்தி எழுத மாநாடு கூட்டலாமா என்பது) உண்டு.

800 பேர் என்று திட்டம். பாதி குறுஞ்செய்தியில் லிங்க் அனுப்பி, பாதி ஆள் வைத்து போனில். பதிவு செய்த எல்லா வாக்காளரையும் கேட்பதா, ஓட்டுப் போடப் போகிறவர்களை மட்டும் கேட்பதா? கேள்வியை எப்படி அமைப்பது? எதை வைத்து வெயிட் போடுவது (குறைவாகப் பதில் சொன்ன பிரிவினருக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துச் சரிக்கட்டுவது)? செலவைக் குறைக்க ஆன்லைன் பேனல் வாங்கலாம் என்று ஒரு யோசனையும் ஓடுகிறது.

எடைக்கல் எழுதியது:

முதலில் பேனல் யோசனையைக் கைவிடுங்கள். காசுக்கோ பாயிண்டுக்கோ யார் வேண்டுமானாலும் சேரும் பேனல்களில் பொய்ப் பதில் அதிகம், அதிலும் இளைஞர் பிரிவில். பியூ ஆய்வு மையம் சோதித்துப் பார்த்தபோது, 30 வயதுக்குக் கீழ் என்று சொன்னவர்களில் 12% பேர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை ஓட்ட உரிமம் இருப்பதாக டிக் அடித்திருந்தார்கள்! 800 பேர் கணிப்பில் 18-29 வயதினர் நூறு பேர்கூடத் தேறுவது கஷ்டம். அதிலும் இப்படிப்பட்டவர்கள் கலந்தால் அந்த வயதுக்கான எண் எதற்கும் உதவாது.

வாக்காளர் பட்டியலிலிருந்து எடுங்கள். பிறந்த ஆண்டு, முகவரி, முந்தைய தேர்தல்களில் வாக்களித்தாரா என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். போன் எண்ணைத் தனியார் நிறுவனங்கள் ஒட்டித் தருவார்கள். எல்லாப் பெயருக்கும் எண் கிடைக்காது. மிச்சிகனில் கட்சிப் பதிவு கிடையாது என்பதை மறக்க வேண்டாம். பென்சில்வேனியா, வட கரோலினா மாதிரி பட்டியலைப் பார்த்து இவர் எந்தக் கட்சி என்று சொல்ல முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியா கோடை நம்பி எண் எடுக்கவும் கூடாது. 313 எண் வைத்திருப்பவர் டெட்ராய்ட்டை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம்.

800 பேருக்குப் பிழை எல்லை (உண்மை எண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது) ±3.5 புள்ளி என்று அறிக்கையில் போடுவார்கள். வெயிட் போட்ட பிறகு அது நிற்காது. வெயிட்டால் வரும் வடிவமைப்பு விளைவு (மாதிரி எத்தனை மடங்கு சுருங்கியதற்குச் சமம் என்ற எண்) 1.6 என்றால் உங்கள் 800 பேர் 500 பேருக்குச் சமம், எல்லை ±4.4. இரண்டு வேட்பாளர்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு. 4 புள்ளி முன்னிலையைத் தலைப்பில் போடுமுன் இதை யோசியுங்கள்.

உள்பிரிவுகளில் இன்னும் மோசம். மாநில மக்கள்தொகையில் வடக்கே தனியாக இருக்கும் மேல் தீபகற்பம் சுமார் 3%. அதாவது 24 பேர். ஆசிய வம்சாவளியினரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "நம்மவர்கள் என்ன நினைக்கிறார்கள்" என்று இந்தக் கணிப்பிலிருந்து யாராவது எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்குத் தனியாகக் கூடுதல் மாதிரி எடுக்க வேண்டும்.

கேள்வித்தாள் எழுதியது:

மாநிலப் பிரச்சினைக் கணிப்புகள் கவிழ்வது மாதிரி அளவால் அல்ல, கேள்வியால். மிச்சிகனிலேயே உதாரணம் இருக்கிறது. சாலை மோசம் என்று எந்தக் கணிப்பிலும் பெரும்பான்மை சொல்லும். ஆனால் 2015 மே மாதம் சாலைக்காக விற்பனை வரியை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கும் திட்டம் வாக்குக்கு வந்தபோது சுமார் 80% பேர் வேண்டாம் என்றார்கள். "சாலைகளைச் சீர்செய்யக் கூடுதல் நிதி ஒதுக்குவதை ஆதரிக்கிறீர்களா?" என்பது விலைச்சீட்டை மறைத்துவிட்டுக் கேட்கும் கேள்வி. எந்த வரி, எவ்வளவு, யார் கட்டுவது என்று சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

"ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா" வடிவமும் வேண்டாம். எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவர்கள் எல்லாப் பக்கமும் உண்டு. இரண்டு நிலைப்பாட்டையும் சம நீளத்தில் எழுதி, எது உங்கள் கருத்துக்கு நெருக்கம் என்று கேளுங்கள். எதை முதலில் காட்டுவது என்பதை மாற்றி மாற்றி வையுங்கள். டேட்டா சென்டர் கேள்வியில் "வேலைவாய்ப்பு" மட்டும் சொன்னால் ஒரு விடை வரும், "மின்கட்டணம்" மட்டும் சொன்னால் வேறு விடை வரும். இரண்டு வாசகத்தையும் பாதிப் பாதிப் பேரிடம் சோதிக்க ஆசை வரும். 400க்கு 400 என்றால், உங்கள் வெயிட்டோடு சேர்த்து, சுமார் 9 புள்ளி வித்தியாசம் வந்தால்தான் அதற்கு அர்த்தம்.

மாநாட்டுக் கேள்வி தனி ரகம். 1963 அரசியலமைப்பின்படி 16 வருடத்துக்கு ஒருமுறை தானாக வாக்குச்சீட்டில் ஏறும். 1978, 1994, 2010 மூன்று முறையும் மக்கள் நிராகரித்தார்கள். 2010இல் மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு. இப்படி ஒரு கேள்வி வருவதே பலருக்குத் தெரியாது. அதனால் வாக்குச்சீட்டு வாசகத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் படியுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால், விளக்கம் கேட்ட 800 பேரின் கருத்துதான் கிடைக்கும், வாக்காளர் கருத்து கிடைக்காது. "முடிவு செய்யவில்லை" என்ற விடையைப் போனில் வாசிக்காமல் வைத்திருங்கள். இணையத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த எண்ணை ஆதரவு, எதிர்ப்பு இரண்டுக்கும் பிரித்துப் போட வேண்டாம். வாக்குச்சீட்டின் கடைசியில் இருக்கும் கேள்வியைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு, முடிவு செய்யாதவர்களில் கணிசமானோர் கடைசியில் "இல்லை" பக்கம் சாய்வதும் உண்டு.

வரிசையும் முக்கியம். மாநிலத்தின் தலையாய பிரச்சினை எது என்ற திறந்த கேள்வி முதலில், பிறகு வேட்பாளர், பிறகு மாநாட்டுக் கேள்வி, அதற்கப்புறம்தான் சாலை, மின்சாரம், பள்ளி. ஐந்து நிமிடம் மின்கட்டணம் பற்றிப் பேசிவிட்டு ஆளுநராக யாருக்கு ஓட்டு என்று கேட்டால் விடை கெட்டுப்போகும். போனில் 12 நிமிடம், குறுஞ்செய்தி லிங்கில் 7 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

ஏரிக்கரை எழுதியது:

பேனலை விட்டுவிட்டோம், நன்றி. 400 பேரைக் குறுஞ்செய்தியில் பிடிக்க எத்தனை எண் வாங்க வேண்டும்? போனுக்கு ஆட்டோ டயலர் ஓகேவா?

நாலாவது அழைப்பு எழுதியது:

100 பேருக்கு அனுப்பினால் ஒருவர் முடித்துக் கொடுப்பார் என்று கணக்கு வையுங்கள். 40,000 எண்கள். மொத்தமாக அனுப்பாமல் 2,000, 2,000 ஆகச் சீரற்ற கட்டுகளாகப் பிரித்து விடுங்கள். 400 வந்ததும் மிச்சக் கட்டுகளைத் தொடவே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனி லிங்க். ஒரே லிங்க் என்றால் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடும். பொதுவான லிங்க் சுருக்கிகளை மொபைல் நிறுவனங்கள் வடிகட்டிவிடும், சொந்த டொமைனைப் பயன்படுத்துங்கள். அனுப்பும் எண்ணைப் பதிவு செய்ய நாளாகும், இப்போதே ஆரம்பியுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பில் வந்த பிறகுதான் பலருக்குப் புரியும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒரு துண்டுக்கு 160 எழுத்து. வேர்டிலிருந்து நகல் எடுக்கும்போது வளைந்த மேற்கோள்குறி ஒன்று உள்ளே வந்தால் போதும், முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி எல்லை 70 எழுத்தாகும், செலவு இரண்டு மூன்று மடங்கு. அரபு வம்சாவளியினர் நிறைய இருக்கும் டியர்பார்ன் பக்கம் அரபியில் அனுப்பினால் எப்படியும் 70தான், அதற்கேற்பச் சுருக்கி எழுதுங்கள்.

ஆட்டோ டயலர்: 1991 தொலைபேசிச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் செல்போனுக்குத் தானியங்கி டயலரிலோ பதிவுக் குரலிலோ அழைத்தால் அழைப்புக்கு 500 டாலர், வேண்டுமென்றே செய்தால் 1,500 வரை. 2021இல் உச்ச நீதிமன்றம் "ஆட்டோ டயலர்" என்பதன் வரையறையைச் சுருக்கியது உண்மைதான். ஆனாலும் கையால் டயல் செய்வதே பாதுகாப்பு. ஏஐ குரல் வைத்துப் பேசலாமா என்றும் யாராவது கேட்பார்கள்: 2024 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் அதையும் செயற்கைக் குரல் என்றே அறிவித்துவிட்டது.

வார நாளில் மாலை 5 முதல் 9, ஞாயிறு மதியத்துக்கு மேல். மேல் தீபகற்பத்தின் கோஜிபிக், அயர்ன், டிக்கின்சன், மெனோமினி ஆகிய நான்கு மாவட்டங்களும் மத்திய நேரத்தில் இருப்பவை, மற்ற இடங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால். சாஃப்ட்வேரில் மாற்றவில்லை என்றால் அங்கே மாலை 4 மணிக்கே, பலர் வேலையிலிருந்து திரும்புமுன் மணி அடிப்பீர்கள். ஒரு எண்ணுக்கு நாலு முறையாவது முயற்சி. எடுத்தவரிடம் பேசிவிடாமல், பட்டியலில் பெயர் உள்ளவரைத்தான் கேட்க வேண்டும்.

எடைக்கல் எழுதியது:

வெயிட்டுக்கு வருகிறேன். பாலினம், வயது, இனம், பகுதி, கல்வி, 2024 வாக்கு. கல்வியை விடவே கூடாது. 2016இல் மிச்சிகன், விஸ்கான்சின் கணிப்புகள் பல தப்பியதற்கு இது ஒரு காரணம். பட்டதாரிகள் அதிகம் பதில் சொல்வார்கள், அவர்களைக் குறைக்காமல் விட்டார்கள். ஒருவரின் வெயிட் 5க்கு மேல் போகாமல் வெட்டுங்கள்.

2024 வாக்கில்தான் பெரிய பொறி. டிரம்ப் 49.7, ஹாரிஸ் 48.3 என்ற முடிவுக்கு, நவம்பரில் ஓட்டுப் போடப் போகிறேன் என்பவர்களைப் பொருத்திவிடுகிறார்கள். தப்பு. மிச்சிகனில் 2022இல் சுமார் 45 லட்சம் பேர் வாக்களித்தார்கள், 2024இல் சுமார் 57 லட்சம். மிட்டெர்முக்கு வராத அந்த லட்சக்கணக்கானோர் இரண்டு பக்கமும் சமமாகவா வீட்டில் இருப்பார்கள்? அதனால் பதிவு செய்த எல்லாரையும் பேட்டி எடுங்கள். 2024இல் வாக்களிக்காதவர்களையும் ஒரு பிரிவாகச் சேர்த்து அந்த முழு மாதிரிக்கு வெயிட் போடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் வாக்களிக்கும் நிகழ்தகவைப் பெருக்குங்கள். உங்கள் முதல் கேள்விக்கும் இதுவே விடை.

நிகழ்தகவை வாய்வார்த்தையை மட்டும் நம்பிப் போட வேண்டாம், "கட்டாயம் போடுவேன்" என்று சொல்லாதவர் குறைவு. 2022 பட்டியலை எடுத்து, 2018, 2020 வரலாறும் வயதும் வைத்து யார் வந்தார்கள் என்று மாடல் கட்டி, அதே குணகங்களை (மாடல் தரும் பெருக்கு எண்களை) 2022, 2024 வரலாறு கொண்ட இன்றைய பட்டியலில் போடுங்கள். அதோடு அவர்கள் சொல்வதையும் கலக்கலாம். சாலை, பள்ளி நிதி கேள்விகளுக்கு மட்டும் பதிவு செய்த எல்லாருடைய எண்ணையும் பக்கத்தில் வெளியிடுங்கள். ஓட்டுப் போடாதவரும் அதே சாலையில்தான் போகிறார்.

கேள்வித்தாள் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. தேர்தலுக்கு 40 நாள் முன்பே, அதாவது செப்டம்பர் 24 முதல் தபால் வாக்குச்சீட்டு கிடைக்க ஆரம்பிக்கும். உங்கள் களப்பணி அதே வாரம். எனவே "ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்களா?" என்பதை வேட்பாளர் கேள்விக்கு முன் கேட்டு, ஆம் என்றால் வேட்பாளர், மாநாட்டுக் கேள்விகளை மட்டும் இறந்தகாலத்தில் திரையில் வரும்படி ப்ரோகிராம் செய்யுங்கள். அவர்களின் நிகழ்தகவு 1. கடைசி இரண்டு நாளில் வந்த பதில்களில் இந்த எண்ணிக்கை சட்டென்று ஏறினால், பழைய பட்டியலை விட்டுவிட்டு, வாக்குச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களின் புதிய பட்டியலோடு பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.