இணைப்பு கிடைக்கிறது, மீட்டர் மட்டும் பேசவில்லை

கேள்வி: மோட்பஸ் (கருவிகள் தரவு பரிமாறும் நெறிமுறை) பேசும் மின் மீட்டரை ஆர்எஸ்-485 (சீரியல் கம்பி இணைப்பு) வழியாக சீரியல்-ஈதர்நெட் அடாப்டரில் இணைத்திருக்கிறேன். வேகம் 9600, 8 பிட், பாரிட்டி (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) இல்லை. அடாப்டர் டிசிபி சர்வராக (கணினி இணைவதற்குக் காத்திருக்கும் முறை) இருக்கிறது, போர்ட் 502. இணைப்பு உடனே கிடைக்கிறது, பதில்தான் வரவில்லை.

பதில்: அந்த இணைப்பு அடாப்டரோடுதான், மீட்டரோடு அல்ல. மோட்பஸில் இயல்பான பாரிட்டி ஈவன். மீட்டரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆர்எஸ்-485-இன் ஏ, பி கம்பிகளை இடம் மாற்றியும் பார்க்கலாம்.

இன்னொருவர்: 502 (மோட்பஸ் டிசிபியின் வழக்கமான போர்ட்) என்று போட்டதாலேயே அது மோட்பஸ் டிசிபி ஆகிவிடாது! அடாப்டர் பைட்டுகளை அப்படியே கடத்தினால், மென்பொருளில் 'ஆர்டியூ ஓவர் டிசிபி' (சீரியல் வடிவ மோட்பஸ் செய்தியையே டிசிபியில் அனுப்புவது) தேர்ந்தெடுங்கள்.

கேட்டவர்: பாரிட்டி, மென்பொருள் தேர்வு இரண்டையும் மாற்றினேன். பதில் வருகிறது, ஆனால் சில சமயம் இரண்டாக உடைந்து வருகிறது.

இன்னொருவர்: அப்போ அடாப்டரில் பாக்கெட் இடைவெளி நேரம் (எவ்வளவு நேரம் பைட் வராவிட்டால் செய்தி முடிந்தது என்று அனுப்புவது) குறைவு. மோட்பஸ் செய்தியின் முடிவைக் காட்டும் 3.5 எழுத்து அமைதி என்பது 9600-இல் சுமார் 4 மில்லிவினாடி. 10 மில்லிவினாடி வையுங்கள், சேமித்து அடாப்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.