மூல நிரலைக் காட்ட மறுக்கும் அரசுக் கணினியைச் செய்தியாளர் எப்படி விசாரிப்பது?

கேள்வி

வணக்கம். நான் இதழியல் மாணவி. நலத்திட்டங்களில் பயனாளிகளைச் சேர்க்கவும் நீக்கவும் அரசுகள் பயன்படுத்தும் கணினி அமைப்புகளைப் பற்றிப் புலனாய்வுக் கட்டுரை எழுத விரும்புகிறேன். அந்த மென்பொருள் எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்டால், அது வணிக ரகசியம் என்ற பதிலே வருகிறது. மூல நிரலை, அதாவது மென்பொருளை இயக்கும் கட்டளைத் தொகுப்பைப் பார்க்காமலேயே இத்தகைய அமைப்பின் தவற்றை நிறுவிய செய்தியாளர்கள் உண்டா? அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள்?

மறுமொழி 1

உண்டு. தெலங்கானாவையே பாருங்கள். அங்குள்ள ‘சமக்ர வேதிகா’ என்ற அமைப்பு பல துறைகளின் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து, பெயரும் முகவரியும் ஒத்துப்போவதை வைத்து, இந்தப் பதிவும் அந்தப் பதிவும் ஒரே ஆளுடையவை என்று ஊகிக்கிறது. ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதும் நாட்டில் இந்த ஊகம் எவ்வளவு எளிதில் பிசகும் என்று சொல்லத் தேவையில்லை. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரை, ஏறத்தாழ அதே பெயருடைய கார் உரிமையாளராகக் கணினி எடுத்துக்கொண்டதால், அவருடைய குடும்பத்துக்கு ரேஷன் மறுக்கப்பட்டதை 2024 ஜனவரியில் அல் ஜசீரா வெளியிட்ட புலனாய்வு காட்டியது.

செய்தியாளர்கள் மூல நிரலைக் கேட்டார்கள். மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தின் உரிமையைக் காரணம் காட்டி அரசு மறுத்துவிட்டது. ஆனால் ரத்தான அட்டைகளின் கணக்கு அரசிடமே இருந்தது. 2014 முதல் 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகள் நீக்கப்பட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் 2022இல் நேரடிக் கள விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகு, முதலில் பரிசீலிக்கப்பட்ட 2,05,734 விண்ணப்பங்களில் 15,471 பேர் தகுதியுள்ளவர்கள் என்று தெரியவந்தது. ஏறத்தாழ 13 பேரில் ஒருவர்! அரிசி கிடைக்காமல் அந்தக் குடும்பங்கள் கழித்த ஆண்டுகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஆகவே, கணினியைக் கேட்பதற்கு முன் ரேஷன் கடை வாசலில் நிற்பவர்களைக் கேளுங்கள். நீக்கப்பட்டவர்களுக்கு முன்னறிவிப்பு வந்ததா, காரணம் சொல்லப்பட்டதா, மேல்முறையீட்டில் நிரூபிக்கும் சுமை யார்மேல் விழுந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். 2016இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கப் புலனாய்வு இதழியல் அமைப்பின் செய்தியாளர்கள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து பிரவர்ட் கவுன்டியில் கைதானவர்கள் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணித்து ‘காம்பஸ்’ மென்பொருள் அளித்த மதிப்பெண்களைப் பெற்று, 7,000க்கும் மேற்பட்டவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் மீண்டும் குற்றம் புரிந்தார்களா என்று ஒப்பிட்டார்கள். மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவர்களில் 44.9 விழுக்காட்டினரை அது ஆபத்தானவர்கள் என்று தவறாகக் குறித்திருந்தது. வெள்ளையர்களில் அது 23.5 விழுக்காடு. இத்தனைக்கும் அந்த மென்பொருள் இனத்தைக் கேட்பதே இல்லை.

ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனத்தவரானாலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், எனவே பாரபட்சம் இல்லை என்று மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மறுத்தது. மீள்குற்ற விகிதம் இரு குழுக்களிடையே வேறுபடும்போது, தவறாகக் குறிக்கப்படும் விகிதம் இரு குழுக்களுக்கும் சமமாக இருப்பது, ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே பொருள் இருப்பது என்ற இந்த இரண்டு வகை நியாயமும் ஒருசேர நிறைவேற முடியாது என்று ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினார்கள். ஆகவே எந்த அளவுகோலால் அநீதி என்கிறீர்கள், அதை ஏன் தேர்ந்தீர்கள் என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நிரலைக் கேட்பது வீண் வேலைதானா?

மறுமொழி 3

வீண் இல்லை. சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவு வணிக ரகசியத்துக்கு விலக்கு அளித்தாலும், பரந்த பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டில் அந்த வரியை வலியுறுத்துங்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகராட்சி, உதவித்தொகை பெறுபவர்களில் யார் மோசடி செய்வதாகச் சந்தேகிப்பது என்று வரிசைப்படுத்திய கணினிக் கணிப்பு முறையை, லைட்ஹவுஸ் ரிப்போர்ட்ஸ் என்ற புலனாய்வு இதழியல் அமைப்பு விடாமல் கேட்டுப் பெற்றது. 315 விவரங்களை அது எடைபோட்டது. டச்சு மொழியில் போதிய தேர்ச்சி இல்லாததும், பெண்ணாக இருப்பதும்கூட மதிப்பெண்ணை உயர்த்தின.

நிரல் கிடைக்காவிட்டாலும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள், நிறுவனத்துக்கு வழங்கிய பணி ஆணை, கொடுத்த தொகை, தணிக்கை அறிக்கை ஆகியவற்றைத் தனித்தனி மனுக்களாகக் கேளுங்கள். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்டால், ஒன்றைக் காரணம் காட்டி முழுவதையும் மறுத்துவிடுவார்கள்.