ப்ரெபொசிஷனுக்கு முன்னால் எத்தனை சொல் நிற்கலாம்? அவசரம்

பம்ப்ரூம்:
வணக்கம். மேனுவல் இன்று சாயங்காலம் அச்சுக்குப் போகணும். ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தில் ப்ரெபொசிஷனுக்கு முன்னால் மூன்று சொல் வரிசையாக நிற்கிறது. மேனேஜர் ஒன்றை எடு என்கிறார். எதை எடுக்க?

தரமணி வாசி:
எந்த வாக்கியம்?

அண்ணாநகர் தேவி:
அதேதான். என்ன மேனுவல், படிக்கப்போவது யார், அதையும் சொல்லுங்க.

சும்மா ஒருவன்:
ப்ரெபொசிஷன் பக்கத்தில் இன்னொரு ப்ரெபொசிஷன் வரவே கூடாது, பள்ளிக்கூடத்தில் படித்தது. எல்லாத்தையும் தூக்கிடுங்க ப்ரோ.

தரமணி வாசி:
அப்படியானால் 'ஃப்ரம் அண்டர் தி டேபிள்' என்று சொல்லவே முடியாதே.

பம்ப்ரூம்:
மோட்டார் மேனுவல், ஃபுட் வால்வ் (பைப்பின் அடி முனையில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வ்) பகுதி. 'தி வாட்டர் ரன்ஸ் ஸ்ட்ரெயிட் பேக் டவுன் இன்டூ தி சம்ப்.' வால்வ் கசிந்தால், மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் ஏறின தண்ணீர் சம்புக்கே இறங்கிடும். அவ்வளவுதான்.

இலக்கணப்புலி:
இதெல்லாம் இங்கே எத்தனையோ தடவை எழுதியாச்சு. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. சரி, 'பேக் டவுன்' என்றால் பின்வாங்குவது. தண்ணீர் எப்படித் தம்பி பின்வாங்கும்?

அண்ணாநகர் தேவி:
சார், 'பேக் டவுன்' தானே வினையாக வந்தால்தான் அந்த அர்த்தம். இங்கே வினை 'ரன்ஸ்'. 'பேக்' பழைய இடத்துக்கே திரும்புவதைச் சொல்கிறது, 'டவுன்' திசை, 'இன்டூ தி சம்ப்' போய்ச் சேரும் இடம். 'ஸ்ட்ரெயிட்' பின்னால் வருகிற மொத்தத்துக்கும் சேர்த்து வருவதால் முதலில் நிற்கிறது. 'ரைட்', 'ஆல் தி வே' போட்டாலும் அதே இடம்தான். 'டவுன் பேக் இன்டூ' என்று புரட்டினால் காதுக்கு ஒப்பாது. 'பேக் டவுன் ஸ்ட்ரெயிட் இன்டூ' எழுதலாம், ஆனால் அந்த 'நேராக' சம்புக்குள் விழுவதோடு மட்டும் ஒட்டும். எடுத்தே ஆகணும் என்றால் 'டவுன்' போகட்டும், சம்ப் கீழேதான் இருக்கும். 'பேக்'கைத் தொடாதீங்க, எடுத்தால் புதுத் தண்ணீர் வந்து விழுகிற மாதிரி ஆகிடும்.

சும்மா ஒருவன்:
'லாக் இன் டூ' பிரித்துத்தானே எழுதுகிறோம்? இந்த 'இன்டூ'வையும் பிரிக்கணும்.

தரமணி வாசி:
அங்கே 'இன்' வினையோடு போய்விட்டது, 'டூ' தனி. இங்கே உள்ளே போகிறது, சேர்த்துத்தான் எழுதணும். 'ஆன்டூ'தான் தகராறு. பிரிட்டிஷ்காரர்கள் பலர் இன்னமும் 'ஆன் டூ' என்றே பிரிக்கிறார்கள்.

இலக்கணப்புலி:
பிரிப்பது தப்பு. அப்புறம், 'பேக்', 'டவுன்' எல்லாம் அட்வெர்ப். தலைப்பிலாவது அதைப் போட்டிருக்கலாம்.

அண்ணாநகர் தேவி:
2002-ல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் அவற்றை ப்ரெபொசிஷன் என்றே வைக்கிறார்கள், பின்னால் பெயர்ச்சொல் கேட்காத வகை. 'ரைட்' சேர்த்துப் பாருங்க சார். 'ரைட் டவுன்' வரும். பொது ஆங்கிலத்தில் 'ரைட் க்விக்லி' வராது.

இலக்கணப்புலி:
அகராதியில் அட்வெர்ப் என்று போட்டிருக்கு. எனக்கு அது போதும்.

பம்ப்ரூம்:
'டவுன்' எடுத்தாச்சு. மேனேஜர் 'ஸ்ட்ரெயிட்'டையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நன்றி.

சும்மா ஒருவன்:
ப்ரோ, மடிப்பாக்கத்தில் எங்க வீட்டு மோட்டாரும் இதே கதைதான், தினம் காலையில் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்குது. வால்வ் மாத்த ஆள் யாராவது இருக்காங்களா?