புதுப்பிப்பு: கடைசியில் டர்பனிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டேன்

தலைப்பிரசவத்துக்கு மதுரைக்கு அம்மா வீட்டுக்குப் போவதா, தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனிலேயே இருந்துவிடுவதா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். இருந்துவிட்டேன். பெண் குழந்தை, நாலு மாதம் ஆகிறது.

பலர் பயமுறுத்திய செலவு வரவில்லை. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இங்கே அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். ஆனால் அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, நிறைமாத வயிற்றோடு விடியற்காலையில் போய் மதியம்வரை மரபெஞ்சில் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது. பிறந்ததும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, அப்புறம் 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி. எல்லாம் 'ரோட் டு ஹெல்த்' என்ற குழந்தையின் மருத்துவப் பதிவுப் புத்தகத்தில் ஏறிவிடும், அதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டப்படி நாலு மாதப் பிரசவ விடுப்பு உண்டு (2025 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு, பெற்றோர் இருவரும் வேலையில் இருந்தால் நாலு மாதமும் பத்து நாளும் இருவருக்கும் பொது), ஆனால் அதற்குச் சம்பளம் தர முதலாளிக்குக் கட்டாயமில்லை. அந்தப் பணத்துக்கு யூஐஎஃப்பில் (அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி) விண்ணப்பிக்க வேண்டும்.

பத்தியச் சாமான் கிடைக்குமா என்றுதான் ரொம்பக் கவலைப்பட்டேன். சுக்கு, ஓமம், மிளகு எல்லாம் விக்டோரியா தெரு மார்க்கெட்டிலேயே வாங்கினோம். அம்மா வீடியோ காலில் சொல்லச் சொல்ல லேகியம் கிளறியது என் கணவர்தான் (கொஞ்சம் தீய்த்துவிட்டார், சரி, போகட்டும்). பிப்ரவரிப் புழுக்கம்தான் கொடுமை, பிள்ளைக்கு ஒரே வேர்க்குரு. சாயங்காலம் கடற்கரை நடைபாதையில் தள்ளுவண்டியை உருட்டினால் ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள்.