எக்ஸிஸ்ட் பிஆர்சி2-ஐ நேரடியாகப் பிடிக்கிறதா இல்லையா?

ஹிஸ்டோன்வால்:
குறியேற்றா ஆர்என்ஏ (புரதம் செய்யக் குறிப்பு சுமக்காத ஆர்என்ஏ) பற்றி இங்க ஒரு அறிமுகப் பதிவு ஓடிட்டிருக்கு. எக்ஸிஸ்ட் அப்படி ஒண்ணு, பெண் பாலூட்டி செல்லோட ஒரு எக்ஸ் குரோமோசோமை அணைக்கிறது; ஏ-ரிபீட், பி-ரிபீட் எல்லாம் அதுல திரும்பத் திரும்ப வர்ற துண்டுகள். பிஆர்சி2, டிஎன்ஏ சுத்திக்கிற ஹிஸ்டோன் புரதத்துல மெத்தில் குறி வைக்கிற புரதக் கூட்டம். அதுல ஒரு வரி: "எக்ஸிஸ்ட் தன் ஏ-ரிபீட் பகுதியால் பிஆர்சி2-ஐ நேரடியாகப் பிடித்து எக்ஸ் குரோமோசோமுக்குக் கொண்டுவருகிறது, அதனால் மரபணுக்கள் அணைகின்றன." இது 2008ல சொன்னது. இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க?

ஏ-ரிபீட்டைப் பிடிக்கிறது ஸ்பென்ங்கிற புரதம். அது எஸ்எம்ஆர்டிங்கிற புரதக் கூட்டத்தைச் சேர்க்குது, அங்க இருக்கிற எச்டேக்3 நொதி ஹிஸ்டோன்ல இருந்து அசிட்டைல் குறியைக் கழட்டுது, படியெடுப்பு நிக்குது. 2015லயே வந்தாச்சு. பிஆர்சி2 வர்ற வழியே வேற. பி-ரிபீட்டை எச்என்ஆர்என்பி-கே புரதம் பிடிக்குது, அது பிஆர்சி1ங்கிற இன்னொரு கூட்டத்தைக் கூட்டி வருது, பிஆர்சி1 எச்2ஏ ஹிஸ்டோனோட 119வது லைசீன்ல யுபிகுட்டின் வைக்குது, அந்தக் குறியைப் பார்த்துத்தான் பிஆர்சி2 வந்து எச்3 ஹிஸ்டோனோட 27வது லைசீன்ல மெத்தில் வைக்குது. நடுவுல இத்தனை பேர். நேரடிப் பிடி எங்கங்க?

இழைமுறுக்கு:
பதிவு என்னுடையது. சோதனைக் குழாயில் பிஆர்சி2 ஏ-ரிபீட்டோடு நானோமோலார் அளவு மிகக் குறைந்த செறிவிலேயே ஒட்டுகிறது. புரதம் ஒட்டிய ஆர்என்ஏவின் பட்டை ஜெல்லில் மேலே ஏறுவது கண்ணால் தெரியும். கண்ணால் பார்த்ததை இல்லை என்பவரிடம் என்ன பேச?

ஹிஸ்டோன்வால்:
பாக்டீரியா ஆர்என்ஏ போட்டாலும் அதே பட்டை அதே மாதிரி ஏறும். 2013லயே காட்டிட்டாங்க. யார் வந்தாலும் கை குலுக்குறவரை உங்க சொந்தக்காரர்னு சொல்லிக்கிறீங்க.

இழைமுறுக்கு:
செல்லுக்குள்ளும் காட்டியாயிற்று. 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் ஒட்டி இருப்பதை மட்டுமே பிணைக்கும். பார்மால்டிஹைடைப் போல அக்கம்பக்கத்துப் புரதங்களையெல்லாம் சேர்த்துக் கட்டாது. அதில் பிஆர்சி2-க்கு ஆர்என்ஏ கிடைத்திருக்கிறது. அப்புறமும் நேரடி இல்லையா?

ஹிஸ்டோன்வால்:
கதிர் அடிச்சது சரி, கழுவினது யாரு? ஆன்டிபாடியை வெச்சுப் பிடிச்சா, அது தாங்குற அளவுக்குத்தான் உப்பும் சோப்பும் போட முடியும். செல்லை உடைச்ச பிறகு, உயிரோட இருந்தப்ப சந்திக்காத ஆர்என்ஏவும் புரதமும் குழாய்ல ஒட்டிக்கும். கதிர் பிணைப்போ ரொம்பக் கொஞ்சம்தான் விழும், அதனால இந்தக் குப்பைதான் மேல தெரியும். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறது இதுதான்.

இதைச் சோதிக்க வழி இருக்கு. ஒரு இனத்து செல்ல பிஆர்சி2-க்கு ஹாலோ டேக்னு ஒரு ஒட்டுப் புரதம் மாட்டு. டேக் இல்லாத இன்னொரு இனத்து செல்லோட கலந்து உடை. டேக் பிடிக்கிற பிசின் மணியோட சகப்பிணைப்பா ஒட்டிக்கும், அதனால புரதமே குலையற சூட்டுல, சோப்புல கழுவலாம். அந்நிய இனத்து ஆர்என்ஏ வந்தா அது குழாய்ல ஒட்டினது. 2024ல செஞ்சாங்க. ஸ்பென் எக்ஸிஸ்ட் மேல நின்னுச்சு. பிஆர்சி2 காணோம். நேரடிப் பிடி எங்கங்க?

தளர்நிறமி:
ஒரு சந்தேகம். இரட்டை இழை ஆர்என்ஏவில் புற ஊதாப் பிணைப்பு மோசமாகத்தான் விழும். ஏ-ரிபீட் பெரும்பாலும் கொண்டைஊசி மடிப்பு, அதாவது இரட்டை இழை. பிணைப்பு விழவில்லை என்பதால் பிடியே இல்லை என்று எப்படிச் சொல்வது? ஹாலோ டேக்கும் முப்பது கிலோடால்டனுக்கு மேல். அதை மாட்டினால் பிஆர்சி2 பழையபடி இயங்குமா?

இழைமுறுக்கு:
அப்படிக் கேளுங்கள்! டேக் இல்லாத புரதத்தில் செய்து காட்டட்டும், பிறகு பேசுவோம்.

ஹிஸ்டோன்வால்:
டேக் இல்லாம அந்தச் சூட்டுல எதை வெச்சுப் பிடிக்கிறது? ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணலாம்.

சரி, புற ஊதாவையே விடுங்க. ஏ-ரிபீட்டை வெட்டுங்க. எக்ஸிஸ்ட் அப்பவும் குரோமோசோமைப் போர்த்தும், 27வது லைசீன்ல மெத்திலும் விழும். அணைப்புதான் நடக்காது. பிஆர்சி2-ஐ ஏ-ரிபீட்தான் பிடிக்குதுன்னா அந்த மெத்திலை யார் வெச்சா?

இழைமுறுக்கு:
குறைவாக விழும். அந்தக் "குறைவாக" என்ற சொல்லை முழுப் பூசணிக்காயாகச் சோற்றில் மறைக்கிறீர்கள்.

ஹிஸ்டோன்வால்:
குறைவா விழுது, சரி. விழுதுல்ல?

நாற்பதுகேபி:
ரெண்டு பேரும் எக்ஸிஸ்ட்டை விட்டு வெளிய வாங்க. ஏர்ன்ங்கிற இன்னொரு குறியேற்றா ஆர்என்ஏ பக்கத்து ஐஜிஎஃப்2ஆர் மரபணுவை அணைக்குதுன்னு சொல்றாங்களே, அங்க ஆர்என்ஏவே தேவைப்படலை. ஐஜிஎஃப்2ஆர் புரோமோட்டருக்கு (படியெடுப்பு தொடங்குற இடம்) முன்னாடி பாலி-ஏ நிறுத்தம் (ஏர்ன் படியெடுப்பை அங்கேயே முடிக்கிற வரிசை) செருகினா அணைப்பு போயிடும். புரோமோட்டரைத் தாண்டின பிறகு செருகினா அணைப்பு அப்படியே இருக்கும். படியெடுக்கிற பாலிமரேஸ் அது மேல ஓடினாலே போதும், படியெடுத்த ஆர்என்ஏ வெறும் தூசி. 2012ல காட்டினது.

தளர்நிறமி:
அது ஐஜிஎஃப்2ஆருக்கு மட்டும். நஞ்சுக்கொடியில் தொலைவில் இருக்கும் மரபணுக்களுக்கும் அதே கணக்கா?

நாற்பதுகேபி:
அதான் சொல்றேன், ஆர்என்ஏவா படியெடுப்பான்னு முதல்ல பிரிங்க. இங்க நிறையப் பேர் கேப்மர் (ஆர்என்ஏவை வெட்ட வைக்கிற செயற்கைச் சிறு துண்டு) போட்டு ஆர்என்ஏ குறைஞ்சுது, பக்கத்து மரபணு ஏறுச்சு, ஆகவே ஆர்என்ஏதான் காரணம்னு எழுதறீங்க. கேப்மர் ஆர்என்ஏஸ் எச் நொதியைக் கூப்பிடுது, அது நியூக்ளியஸ்ல, இன்னும் நீண்டுட்டே இருக்கிற இழையையே வெட்டும். வெட்டின முனைல எக்ஸ்ஆர்என்2 நொதி ஏறித் தின்னுட்டே ஓடி பாலிமரேஸைக் கவுக்கும். படியெடுப்பும் போச்சு. இலக்கை 3' முனைக்குப் பக்கத்துல வைங்க, பாலிமரேஸ் எங்க நிக்குதுன்னும் அளந்து பாருங்க.

இழைமுறுக்கு:
இது வேறு விவாத இழை. போன மாதம் ஹாட்டேர் ஆர்என்ஏ பற்றிய பதிவிலும் இதையே ஒட்டினீர்கள்.

நாற்பதுகேபி:
போன மாசமும் பதில் வரலை.

ஒற்றெழுத்து:
முதலில் "குறியேற்றா" என்பதை மாற்றுங்கள். "குறியீடற்ற" என்பதே சரி. ஏற்றுவது, இறக்குவது எல்லாம் சரக்கு வண்டிக்கு.

ஹிஸ்டோன்வால்:
ஐயா, பேரை எப்படி வேணா வையுங்க. இவர் பதிவுல அந்த "நேரடியாக" இன்னும் அப்படியே இருக்கு.

இழைமுறுக்கு:
இருக்கும். "பெரும்பாலும் நேரடியாக" என்று மாற்றியிருக்கிறேன், மகிழ்ச்சியா?

ஹிஸ்டோன்வால்:
பெரும்பாலும்னா எந்தச் செறிவுல, எந்தக் கழுவல்ல?