நர்ஸின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கலாமா?

தாராபுரம் டாக்டர்:
என் கிளினிக்கில் ஏழு பேர். நர்சிங் முடித்து நேரே வரும் பிள்ளைக்கு ஊசி போடுவதிலிருந்து நோயாளியிடம் பேசுவது வரை நாங்கள்தான் பழக்குகிறோம். கை பழகியதும் கோவையில் பெரிய ஆஸ்பத்திரி. வாட்ஸப்பில் ஒரு வரி: ‘நாளையிலிருந்து வரமாட்டேன் சார்’. இனி ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்துத் தரலாம் என்றிருக்கிறேன். தப்பா?

ஈரோடு ஸ்டாஃப் நர்ஸ்:
தப்புத்தானுங்க டாக்டர். அரசு ஆஸ்பத்திரிக்கு ஆளெடுக்கும் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) சர்டிபிகேட் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை எதைக் காட்டும்? முதலில் ஏன் போகிறார்கள் என்று பாருங்கள். காலை 9 முதல் 1, மாலை 5 முதல் 9. நடுவில் நாலு மணி நேரம் சம்பளமும் இல்லை, வீட்டுக்குப் போய்வரவும் முடியாது. ராத்திரி கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஊருக்கே வேன் அனுப்புகிறார்.

தாராபுரம் டாக்டர்:
தறிக்காரரும் தோட்டத்துக்காரரும் வேலை முடிந்து சாயங்காலம்தானே வருகிறார்கள். மத்தியானம் ஓபி திறந்து வைத்து ஈ ஓட்டவா?

பல்லடம் கணக்கர்:
சட்டத்தையும் பாருங்கள். சர்டிபிகேட் அடகுப் பொருள் அல்ல, பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரி வழக்குதான், ஆனால் உங்களுக்கும் அதே நியாயம்தான் பேசுவார்கள். பாண்டு, அதாவது இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம், எழுதலாம். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கி பாண்டு செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அது பொதுத்துறை வங்கி. திரும்ப விளம்பரம் கொடுத்து, தேர்வு வைத்து ஆளெடுக்கும் செலவு அதற்கு இருந்தது. நீங்கள் எந்தச் செலவைக் காட்டுவீர்கள்?

பொள்ளாச்சி மேனேஜர்:
நாங்கள் டோக்கனுக்கும் பார்மசிக்கும் மாலைக்கென்றே பக்கத்துத் தெருப் பெண்களை வைத்தோம். வேலையில் நிலைத்து நிற்கிறார்கள். நர்ஸுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவரவில்லை. நர்சிங் படித்தவர் அரை நாள் சம்பளத்துக்கு ஏன் வரப்போகிறார்?

தாராபுரம் டாக்டர்:
சரி, ஜெராக்ஸ் போதும். ஆனால் ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் போனால் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கிடையாது. அதில் மாற்றமில்லை.

ஈரோடு ஸ்டாஃப் நர்ஸ்:
அதுவும் பிடித்து வைப்பதுதானுங்களே. நோட்டீஸ் சம்பளம் பிடிப்பீர்கள் என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வேலை பார்த்த மாதத்துக்கு லெட்டரைக் கொடுத்துவிடுங்கள்.